பிறர் வண்டியும் நம் வண்டியே



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. ஒருவர் அருமையாகப் போற்றி வைத்திருக்கும் தம் காரைக் கார் நிறுத்துமிடம் ஒன்றில் விட்டுச் செல்கிறார். திரும்பி வந்து பார்க்கும்போது, அதன் கதவில் ஓர் ஒடுக்கு விழுந்திருக்கிறது. அல்லது, நீளமாக ஒரு கீறல் ஓடியிருக்கிறது. செய்தவர் யார் என்று தெரியவில்லை. இத்தகைய கவனக்குறைவிலிருந்து வண்டியைக் காப்பது எவ்வாறு? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

"கார் வைத்திருப்பவர்களுக்கு அல்லவா இந்தக் கவலை? சைக்கிளிலும் பேருந்திலும் பள்ளிக்குச் செல்லும் எங்களுக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், நின்றுகொண்டிருக்கும் காரின்மேல் விழும் கீறல்கள் யாவும் கார் ஓட்டுவோரால் மட்டும் விளைவன அல்ல. சைக்கிளை அதன்மேல் சாய்த்து வைக்கும் மாணவன், இரண்டு கார்களுக்கிடையே ஸ்கூட்டரை நுழைத்து எடுக்கும் இளைஞன், பின் இருக்கையிலிருந்து கதவைப் படாரெனத் திறக்கும் குழந்தை ஆகிய எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. மேலும், உங்களுள் பலர் பதினெட்டு வயது நிரம்பியதும் ஓட்டுநர் உரிமம் பெறப்போகிறவர்கள். ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கை பழகுவதற்கு முன்பே மனம் பழகிவிடுவது நல்லது என்பது ஓர் ஆசிரியனின் எண்ணம்.

என் ஊர் குண்டடம். தாராபுரத்திலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அமைந்தது. நான் சிறுவனாக இருந்த காலத்தில், அதாவது 1960-களின் இறுதியில், எங்கள் பக்கத்துச் சந்தைகளுக்கு மக்கள் மாட்டுவண்டிகளில் வருவார்கள். வண்டிகளை நிறுத்துவதற்கென்றே ஓரிடம் இருக்கும். அதற்கு வண்டிப்பேட்டை என்று பெயர். இன்று நாம் பார்க்கிங் என்று சொல்கிறோமே, அதற்கு நம் முன்னோர் வைத்திருந்த பெயர் அதுதான்.

அந்த வண்டிப்பேட்டையில் எழுதி ஒட்டிய விதிகள் எவையும் இல்லை. ஆனால், விதிகள் இருந்தன. வண்டியை நிறுத்தியவர் மாடுகளை அவிழ்ப்பார். நுகத்தடியைத் தரையில் இறக்குவார். சக்கரம் உருளாதபடி முன்னும் பின்னும் கல் வைப்பார். தம் வண்டியின் கடையாணி பக்கத்து வண்டியின் ஆரக்காலில் உரசாதபடி இடம் விட்டே நிறுத்துவார். இரண்டு மாடுகளைப் பூட்டித் திருப்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம், தமக்கும் பக்கத்து வண்டிக்காரருக்கும் சேர்த்து விடப்பட வேண்டும். பிறர் வண்டியில் தம் மாட்டைக் கட்டுவது பெரிய அவமரியாதை எனக் கருதப்பட்டது. தவறிப்போய் ஒருவர் வண்டி மற்றொருவர் வண்டியை இடித்துவிட்டால், இடித்தவர் அங்கேயே நிற்பார். "உங்க வண்டியெ இடிச்சுப்போட்டனுங்க, ஆரக்கால் விட்டுப்போச்சுங்க" என்று தாமே சொல்வார். பிறகு இருவருமாக ஆசாரியிடம் செல்வார்கள்.

அக்காலத்து மனிதர் எல்லோரும் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்குள் வரப்புச் சண்டையும் உண்டு. வாய்க்கால் சண்டையும் உண்டு. ஆனால், வண்டிப்பேட்டையில் ஒவ்வொருவருக்கும் மற்றவரைத் தெரியும். மாட்டைப் பார்த்தே 'இது இன்னார் வண்டி' என்று சொல்லிவிடுவார்கள். மறைந்து செல்ல இடமில்லை. இன்றைய கார் நிறுத்துமிடத்திலோ எவருக்கும் எவரையும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் வண்டி ஓர் எண்ணாகத் தெரிகிறதே அன்றி, ஒரு மனிதராகத் தெரிவதில்லை. கவனக்குறைவு வளர்வதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

இனி, என் காரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1999-ஆம் ஆண்டில், சேமநிதியிலிருந்து கடன் பெற்று, ஒரு மாருதி 800 கார் வாங்கினேன். எங்கள் குடும்பத்தின் முதற்கார் அது. என் தந்தையார் மருத்துவமனைக்குச் சென்றதும், என் மகள் கல்லூரியில் சேரச் சென்றதும் அதில்தான். அந்த வகைக் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆயினும், பதினைந்து ஆண்டுகள் முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து, இன்றும் அதை ஓட்டி வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தேன். மண்டபத்தின் பக்கத்துத் திடலில் காரை நிறுத்தினேன். உணவருந்தித் திரும்பியபோது, இடப்பக்கத்துப் பின்கதவில் உள்ளங்கை அகலத்திற்கு ஓர் ஒடுக்கு விழுந்திருந்தது. அதன் நடுவே பெயின்ட் உதிர்ந்து தகரம் வெளியே தெரிந்தது. பக்கத்தில் நின்ற வண்டி போய்விட்டிருந்தது. கண்ணாடித் துடைப்பானின் கீழ் ஒரு துண்டுச் சீட்டேனும் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

பட்டறையில் ஒடுக்கு எடுத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். செலவான பணம் பெரிதில்லை. ஆனால், ஒருவர் இடித்திருக்கிறார், இறங்கிப் பார்த்திருக்கிறார், பார்த்தபின் போயிருக்கிறார். அந்த மௌனம்தான் என்னை நெடுநாள் வருத்தியது.

அதன்பின் நான் என் காரைக் காக்கத் தலைப்பட்டேன். அதில் செய்த அறியாமைகளையும் மறைக்காமல் சொல்கிறேன், உங்களுக்குப் பாடமாகட்டும். முதலில், கனமான உறை ஒன்று வாங்கி, நிறுத்தும் இடந்தோறும் காரைப் போர்த்தினேன். எங்கள் பகுதி பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வீசும் பகுதி. காற்றாலைகள் நிறைந்த நாடு. உறைக்கும் காருக்கும் இடையே புகுந்த புழுதி, காற்றில் உறை படபடக்கும்போதெல்லாம் உப்புத்தாள் போல் பெயின்டைத் தேய்த்தது. காப்பதற்கென வாங்கிய உறையே காரைக் கீறிவிட்டது! தூசி படிந்த வண்டியைப் போர்த்துவதும் உலர்ந்த துணியால் துடைப்பதும் தவறு. முதலில் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அடுத்து, ஒருவரும் அருகில் வரலாகாது என்று, இரண்டு கார்களுக்குரிய இடத்தின் நடுவே என் காரை நிறுத்தத் தொடங்கினேன். ஒருநாள், கைக்குழந்தையோடு வந்த ஓர் அம்மையார் இடமின்றித் தெருவின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வருவதைப் பார்த்தேன். என் காருக்குப் பக்கத்தில் பாதி இடம் வீணாகக் கிடந்தது. அன்று எனக்கு நாணமாக இருந்தது. கவனமற்ற ஓட்டுநர்களிடமிருந்து காரைக் காக்கப் புறப்பட்ட நானே கவனமற்ற ஓட்டுநன் ஆகியிருந்தேன்!

ஆகவே, உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு, கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் என்னோடு சேர்ந்து போடுங்கள்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்னும் விதிகளின்படி, ஒரு காருக்கென ஒதுக்கப்படும் இடம் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் இருத்தல் வேண்டும். என் மாருதி 800 காரின் அகலம் 1.44 மீட்டர். இத்தகைய இரண்டு கார்கள் தத்தம் இடத்தின் நடுவே நின்றால், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி 1.06 மீட்டர். கதவைத் தாராளமாகத் திறக்கலாம். ஆனால், இன்றைய பெரிய கார்கள் சிலவற்றின் அகலம் 1.8 மீட்டரைத் தாண்டுகிறது. அத்தகைய இரண்டு கார்கள் அடுத்தடுத்து நின்றால், இடைவெளி 70 சென்டிமீட்டருக்கும் குறைவு. அவற்றுள் ஒன்று 20 சென்டிமீட்டர் ஒதுங்கி நின்றுவிட்டதென வைத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் எஞ்சுவது 50 சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்குள் கதவைத் திறந்து ஒருவர் இறங்கவேண்டுமானால், கதவு எங்கே போய் முட்டும்?

இந்தக் கணக்கிலிருந்து நாம் அறிவது என்ன? வண்டிகள் பெருத்துவிட்டன, இடம் பெருக்கவில்லை. கோட்டிற்குள் நடுவாக நிறுத்துவது அழகுக்காகச் செய்வதன்று. அடுத்தவர் கதவு திறப்பதற்கு நாம் கொடுக்கும் இடம் அது. வண்டிப்பேட்டையில் மாடு திரும்ப இடம் விட்டார்களே, அதே நியாயம்தான் இங்கும்.

இனி, காரைக் காக்கும் வழிகளை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, இடத்தைத் தேர்ந்தெடுத்தல். வாயிலுக்கு அருகில்தான் எல்லோரும் நெருக்குவார்கள். அங்கேதான் உரசலும் மிகுதி. நூறு அடி நடக்கச் சித்தமாக இருப்பவருக்கு நல்ல இடம் கிடைக்கும். வரிசையின் கடைசி இடம் கிடைத்தால், ஒரு பக்கமேனும் அண்டை வண்டி இராது. தூணுக்கு அருகே உள்ள இடமும் நல்லதே; தூண் கதவைத் திறப்பதில்லை. ஆனால், நம் கதவு தூணில் மோதாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். நிழலைத் தேடித் தென்னையின் அடியில் நிறுத்துவது ஆபத்து. திருப்பூர் போன்ற ஊர்களில், பனியன் கம்பெனிகளின் வேலை தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் இருசக்கர வண்டிகள் வெள்ளமெனப் பாயும் சந்துகளில் காரை நிறுத்தாமலிருப்பதே அறிவுடைமை. துணி உருளைகளை ஏற்றி இறக்கும் வண்டிகளுக்கு வழியடைத்து நின்றுவிட்டு, உரசிவிட்டார்கள் என்று புலம்புவதில் பயனில்லை.

இரண்டாவது, பின்னோக்கி நிறுத்துதல். காரில் திரும்பும் சக்கரங்கள் முன்சக்கரங்களே. பின்பகுதியை முதலில் உள்ளே செலுத்தினால், திரும்பும் முனை வெளியே, அகன்ற பாதையில் இருக்கும். குறுகிய இடத்திலும் நேராக நிறுத்தலாம். புறப்படும்போது, எதிரே வருவோரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வெளியே வரலாம். 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து, புதிய கார்களில் பின்புறத் தடையை ஒலியால் அறிவிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அக்கருவி நல்ல துணைவன். எனினும், காரின் பின்னே ஒரு குழந்தை குனிந்து விளையாடிக்கொண்டிருக்கக்கூடும். ஏறுவதற்கு முன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். ஒடுக்கு விழுந்த தகரத்தை நிமிர்த்திவிடலாம். மற்றதை நிமிர்த்த இயலாது.

மூன்றாவது, நிறுத்தியபின் செய்யவேண்டியவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இல்லாத நிலையில் வண்டி நிற்குமானால், எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை இட்டு, அது தானே நகர்ந்துவிடாதபடி செய்யவேண்டும். வண்டிப்பேட்டையில் சக்கரத்திற்குக் கல் வைத்தார்களே, அந்தக் கல்தான் சட்டத்தில் பிரிவாக நிற்கிறது! பக்கக் கண்ணாடிகளை மடக்கி வைப்பதும் நல்ல பழக்கம். பின்னர் வாதம் எழாமலிருக்க, பக்கத்து வண்டிகள் தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் உதவும்.

நான்காவது, கதவு. இதை மாணவர்களாகிய உங்களுக்கென்றே சொல்கிறேன். கதவைத் திறக்குமுன் வெளியே பாருங்கள். ஒரு கையால் கைப்பிடியைத் திறந்து, மறு கையால் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து ஆடிக் காற்றில் கதவைச் சிறிது திறந்தாலே போதும்; காற்று அதைக் கையிலிருந்து பறித்து அடுத்த வண்டியின்மேல் அறைந்துவிடும். 'காற்றுதான் செய்தது, நான் செய்யவில்லை' என்று சொல்லித் தப்ப முடியாது. காற்று ஆடிதோறும் வருவதுதானே?

ஐந்தாவது, சாவியைப் பிறரிடம் ஒப்படைத்தல். பெரிய ஓட்டல்களிலும் மண்டபங்களிலும் பணியாளர் ஒருவர் நம் சாவியை வாங்கிக்கொண்டு தாமே காரை நிறுத்துகிறார். நமக்கு ஒரு டோக்கன் தருகிறார். அதில், 'வண்டிக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அச்சிட்டிருப்பதும் உண்டு. அந்த ஒரு வரியால் அவர்கள் பொறுப்பு நீங்கிவிடுமா?

இதற்கு விடையாக ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், புதுதில்லித் தாஜ் மகால் ஓட்டலுக்கு ஒருவர் தம் மாருதி ஜென் காரில் சென்றார். சாவியை ஓட்டல் பணியாளரிடம் கொடுத்து டோக்கன் பெற்றுக்கொண்டு உள்ளே போனார். நள்ளிரவு கடந்து வெளியே வந்தபோது கார் இல்லை. வேறு எவரோ ஓட்டிச் சென்றுவிட்டார்கள். டோக்கனில், வண்டி உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது என்ற வாசகம் இருந்தது. வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி, 2019-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சாவியைப் பெற்றுக்கொண்டபோதே காரைக் காக்கும் பொறுப்பும் ஓட்டலுக்கு வந்துவிட்டது. தன் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பிலிருந்து, டோக்கனில் அச்சிட்ட வாசகத்தைக் காட்டி அது தப்ப முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில். ஒருவர் பொருளை மற்றொருவர் நம்பிக்கையின் பேரில் பெற்றுக்கொண்டால், சராசரி விவேகமுள்ள மனிதர் அதே போன்ற தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்தோடு காப்பாரோ, அவ்வளவு கவனத்தோடு அதைக் காக்கவேண்டும் என்று அச்சட்டத்தின் 151-ஆம் பிரிவு கூறுகிறது. இதைப் படித்தபோது எனக்குத் திருக்குறள் நினைவுக்கு வந்தது. நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், பிறர் பொருளையும் தம் பொருள் போலவே பேணுதல்தான் வாணிகர்க்கு உரிய நல்ல வாணிகம் என்னும் கருத்தை வள்ளுவர் வைத்திருக்கிறார். சட்டம் இயற்றியோர் குறளைப் படித்தார்களோ இல்லையோ, அறம் இருவரையும் ஒரே இடத்திற்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாவியைப் பிறரிடம் கொடுத்துக் காரை ஒப்படைப்பதும், ஓர் இடத்தில் நாமே நிறுத்திச் சாவியை நம் பையில் போட்டுக்கொள்வதும் ஒன்றல்ல. எனவே, சாவியைக் கொடுக்கும்போது டோக்கனைக் கேட்டு வாங்குங்கள். காரைத் திரும்பப் பெறும்போது, புறப்படுவதற்கு முன்பே சுற்றிப் பாருங்கள்.

இதுவரை, நம் காருக்குப் பிறர் தீங்கு செய்வதைப் பற்றியே பேசினேன். இனி, பேச்சின் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், தாராபுரம் கடைவீதியை அடுத்த ஒரு திடலில் காரை நிறுத்தியிருந்தேன். புறப்படும்போது பின்னோக்கி எடுத்தேன். சிறிய ஓசை ஒன்று கேட்டது. இறங்கிப் பார்த்தேன். பின்னால் ஒரு கார் நின்றிருந்தது. முன்புறத்தில் பூமாலையும், கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பூசை போட்டுச் சில நாட்களே ஆகியிருக்கவேண்டும். அதன் முன்பக்கத்து மட்கார்டில், என் பம்பரின் முனை ஒரு சாண் நீளத்திற்குக் கீறியிருந்தது.

சுற்றும் முற்றும் பார்த்தேன். எவரும் இல்லை. அப்போது என் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தை உங்களிடம் மறைக்கமாட்டேன். 'என் காரை இடித்தவன் நின்றானா? நான் மட்டும் ஏன் நிற்கவேண்டும்?' என்பதே அவ்வெண்ணம். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நன்னெறி போதித்தவன், காரில் ஏறி அமர்ந்து, கியரைப் போட்டேன்.

அவ்வேளையில், பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திடலுக்குள் வந்தான். என் முகத்தைப் பார்த்தான். நின்றான். கைகளைக் குவித்து, "வணக்கங்க ஐயா" என்றான். எந்தப் பள்ளி விழாவில் என்னைப் பார்த்தானோ, அறியேன். நடந்தது எதையும் அவன் பார்க்கவில்லை. வணங்கிவிட்டுத் தன் வழியே போய்விட்டான். என் கை, கியரை விட்டுச் சாவிக்குச் சென்றது. எஞ்சினை நிறுத்தினேன்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். மனைவியும் கைக்குழந்தையுமாக ஓர் இளைஞர் வந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக வேலை செய்பவர். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கீறலைத் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கிற்று. "பாத்து எடுக்கக் கூடாதுங்களா, ஐயா? வண்டி வாங்கி இன்னும் ஒரு வாரம் ஆகலைங்க" என்றார். அவர் கோபம் முற்றிலும் நியாயமானது. நான் மறுமொழி சொல்லாமல் கேட்டுக்கொண்டேன். என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். மூன்று நாட்கள் கழித்துப் பட்டறைச் செலவு எவ்வளவு என்று சொன்னார், அனுப்பி வைத்தேன். அதன்பின் நாங்கள் சந்திக்கவில்லை. நண்பர்களாகவும் ஆகவில்லை. கணக்கு நேராயிற்று, அவ்வளவே.

ஆனால், ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தச் சிறுவன் அவ்வேளையில் வந்து வணங்காதிருந்தால், நான் நின்றிருப்பேனா? ஆம் என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. திருப்பூர்த் திடலில் என் காரை இடித்துச் சென்றவரும் கொடியவராக இருந்திருக்கமாட்டார். வணக்கம் சொல்ல ஒரு சிறுவன் வாய்க்காதவராக இருந்திருப்பார் என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன். அவர்மீது எனக்கிருந்த கசப்பு அன்றோடு தீர்ந்தது.

இடித்தவர் செய்யவேண்டியது என்ன என்பதைச் சட்டமும் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, மனிதருக்குக் காயம் ஏற்படும் விபத்துக்கு மட்டும் உரியதன்று. பிறர் பொருளுக்குச் சேதம் நேர்ந்தாலும் ஓட்டுநருக்குக் கடமை உண்டு. போலீஸ் அலுவலர் கேட்டால் விவரம் தரவேண்டும். அவர் அங்கு இல்லையெனில், அருகிலுள்ள காவல் நிலையத்தில் இயன்றவரை விரைவாகவும், எப்படியும் 24 மணி நேரத்திற்குள்ளும் நடந்ததைத் தெரிவிக்கவேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திற்கும் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். பிறர் பொருளுக்கு நம் வண்டியால் விளையும் சேதத்திற்கும் ஈடு செய்வதற்காகவே, மூன்றாம் நபர் காப்பீடு சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, பயந்து ஓடவேண்டிய அவசியமே இல்லை.

நடைமுறையில் செய்யவேண்டியது இன்னும் எளிது. இறங்கிப் பாருங்கள். உரியவருக்காகக் காத்திருங்கள். காத்திருக்க இயலாதெனில், காவலாளியிடம் சொல்லுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைக் கண்ணாடித் துடைப்பானின் கீழ் வையுங்கள். கீறலுக்கு உரியவராகிய நீங்களோ, வந்தவரிடம் கூச்சலிடாதீர்கள். உண்மையைச் சொல்ல நின்றவருக்கு வசை கிடைக்குமானால், அடுத்த முறை அவர் நிற்கமாட்டார். சிறிய செலவானால், இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். காப்பீட்டில் ஓராண்டு ஈடு கோராமலிருந்தால், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மறு ஆண்டு 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறது. தொடர்ந்து ஐந்தாண்டுகள் கோராமலிருந்தால், அது 50 சதவீதமாக உயர்கிறது. சிறு கீறலுக்கு ஈடு கேட்குமுன், இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

மாணவச் செல்வங்களே! உங்களிடம் இன்று கார் இல்லாமலிருக்கலாம். ஆனால், பள்ளியின் சைக்கிள் நிறுத்துமிடம் இருக்கிறது. உங்கள் சைக்கிளை எடுக்கும்போது பக்கத்திலுள்ள சைக்கிள் சாய்ந்து, அதன்மேல் வரிசை முழுவதும் சரிகிறதே, அப்போது என்ன செய்கிறீர்கள்? ஒருவரும் பார்க்கவில்லையென்று போய்விடுகிறீர்களா? நின்று, ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைக்கிறீர்களா? மிதிகட்டை வளைந்திருந்தால், உரியவனைத் தேடிச் சொல்கிறீர்களா? நாளை நீங்கள் கார் நிறுத்துமிடத்தில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பது அங்கேதான் முடிவாகிறது.

உறையும், கேமராவும், காப்பீடும் காரைக் காக்கும். அவற்றை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும், ஆயிரம் வண்டிகள் நிற்கும் திடலில், ஒவ்வொரு வண்டியையும் அதன் சொந்தக்காரர் ஒருவரே காப்பதாக இருந்தால், ஒரு வண்டிக்கு ஒரு காவலர்தான். ஒவ்வொருவரும் பக்கத்து வண்டியைத் தம் வண்டிபோல் எண்ணினால், ஒவ்வொரு வண்டிக்கும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது காவலர்கள் கூடுதலாகக் கிடைக்கிறார்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்த முறை ஒரு காரின் கதவைத் திறக்கும்போது, விளிம்பில் ஒரு கை வையுங்கள். ஒரு பெரியவர் தனியே நின்று எதையோ தயங்கிக்கொண்டிருப்பதைக் கண்டால், ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். அது எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியாது.